துவைக்காத நீலச் சட்டை

ஜனவரி 4
மழை. ரயில் தாமதம். ரயிலடியில் விற்கக் கொண்டுபோன அவித்த சோளம் பாதி மிஞ்சிவிட்டது.
நசாரியோ காலையிலேயே மலைப்பாதைக்குக் கிளம்பினான். பயணிகளின் மூட்டைகளைச் சுமந்து, மாச்சு பிச்சு வழியாக நாலு நாளில் வீட்டுக்கு இறங்கிவிடுவான். நீலச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "துவைச்சிடாதடி, இந்த மழையில காயாது. வந்து போட்டுக்கறேன்" என்றான். அழுக்குமூட்டை.

ஜனவரி 7
மலை சரிந்துவிட்டது. நசாரியோவைக் காணோம்.

ஜனவரி 8
அவனோடு சுமை தூக்கும் தியோஃபிலோ வந்தான், உடம்பெல்லாம் சேறு. எல்லாரும் சரிவைத் தாண்டிவிட்டார்களாம். பயணிகளின் சாப்பாட்டு மேசை மட்டும் அந்தப் பக்கம் நின்றுவிட்டது.
"மேசை போனா நம்ம கூலியிலதான் பிடிப்பாங்கன்னு திரும்பிப் போனான் அண்ணி. கத்துனேன், கேக்கல."
ஒரு மடக்கு மேசை! தரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் அந்தப் பயணிகள் செத்தா போவார்கள்?
வானொலியில் சொன்னார்கள் — மேலே மாச்சு பிச்சுவின் பழைய நகரத்தில் ஒரு கல்கூட அசையவில்லையாம்.
ஆகஸ்டில் கோகா இலையும் சோளக்கள்ளும் வைத்துக் கும்பிட்டேனே, மலையே. குடித்துவிட்டு இதையா செய்தாய்?

ஜனவரி 11
ஊரிலிருந்து மாமியார் காசிமிரா வந்திருக்கிறாள். செத்தவர் துணியை ஐந்தாம் நாள் ஆற்றில் துவைத்தால்தான் உயிர் வழி பார்த்துப் போகும் என்கிறாள்.
"எம்புள்ள அந்தச் சரிவுலயே அலையணுமா?"
"இருக்கறவன் துணிய அலசி நீங்களே அவனக் கொன்னுடாதீங்க, அத்தை."
சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.
அவளே துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு போனாள். நீலச் சட்டையை மட்டும் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

ஜனவரி 15
ஒரு தகவலும் இல்லை. அத்தையோடு பேச்சும் இல்லை.

ஜனவரி 20
பாதையைத் திறந்துவிட்டார்கள். தேடுவதை நிறுத்திவிட்டார்கள். "மண்ணு இறுகிடுச்சும்மா" என்றார் சுற்றுலாக் கம்பெனி மேலாளர். புது மேசை வந்திருக்கிறது. தியோஃபிலோதான் சுமக்கிறான். என் முகத்தைப் பார்க்காமலே ரயில் ஏறினான். அவனுக்கும் பிள்ளைகள் இருக்கின்றன.

ஜனவரி 23
தினமும் கட்டிக்கொண்டு படுத்ததில் சட்டையில் இப்போது என் வாடைதான் வருகிறது. அவனுடையது போய்விட்டது.
ஆற்றுக்கு எடுத்துப் போனேன். இன்னும் சேற்றுத் தண்ணீர்தான். அலச அலச நீலம் மண்ணாக மாறியது. பின்னால் அத்தை வந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். சட்டையின் மறுமுனையைப் பிடித்து முறுக்கினாள்.
"காயாது, அத்தை" என்றேன். அதற்கு மேல் முடியவில்லை, அழுதுவிட்டேன்.
"மெதுவாக் காயட்டும்மா."
அடுப்புக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறோம்.