இரண்டு தரம் ஆட்டிய தலை

என் அருமை அண்ணை,

வருகிற மாதத்தோடு நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடம். உங்கள் மகன் குகன் நினைவு மலர் அச்சடிக்கிறான். "மாமி, அப்பாவைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ. அழுற மாதிரி வேண்டாம், நல்ல மாதிரி எழுதுங்கோ" என்றான். நானும் ஓம் என்றுவிட்டேன். நல்ல மாதிரி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை அண்ணை. உங்களுக்குச் சொல்லாமல் வைத்திருக்க ஏலாத ஒன்றுதான் இருக்கிறது. நினைவு நாள் மண்டபத்தில் மலரை வாசிக்கிறவர்களும் கேட்கட்டும்.

மதுரா என்னை ஒரு பயணம் கூட்டிப் போனாள். ஜேர்மனியில், பான் நகரப் பல்கலைக்கழகத்தில் படித்த தாவரவியல் படிப்பு என் மகளைப் பாசிக்குப் பின்னால் அலைய வைத்திருக்கிறது என்று நீங்களே பகிடி பண்ணுவீர்கள். இந்த முறை குவாத்தமாலா நாட்டில் ஆல்டா வெராபாஸ் என்ற மலைநாடு. மாயா சனங்களின் ஊர். "அம்மா, இவ்வளவு வருசமாய் எங்கடை வுப்பர்டால் மழையைத்தானே பாத்தனீங்கள். வாங்கோ, முகிலுக்குள்ளை நடப்பம்" என்றாள்.

உண்மையாகவே முகிலுக்குள் நடந்தோம். மழை பெய்யாமலே மரங்கள் சொட்டின. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ஒரு காலத்தில் ஜேர்மன்காரர் வந்து கோப்பித் தோட்டம் போட்ட இடமாம். இவர்கள் போகாத இடமே இல்லையா என்று சிரித்தேன். ஆனால் இரண்டாம் நாளே எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. தெருவில் ஏதாவது வாகனச் சத்தம் கேட்டால் சனம் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தியது. சத்தம் போகும்வரை ஒருவரும் கதைக்கவில்லை. அது எனக்கும் உங்களுக்கும் பழகிய அமைதி அல்லவா?

எங்களைக் காட்டுக்குள் கூட்டிப்போனவர் தொமாஸ். நாற்பது வயதிருக்கும். மரம் வெட்ட வருகிறவர்களை மறித்து நிற்கிற ஊராரில் அவர்தான் முன்னுக்கு நிற்பவர் என்று மதுரா சொன்னாள். காட்டின் வாசலில் நின்று ஒரு பிசினைக் கொளுத்தினார். அசல் எங்கள் சாம்பிராணி மணம்.

"மலையிட்டை அனுமதி கேக்கிறார் அம்மா. கேக்காமல் உள்ளை போகக்கூடாதாம்."

"அப்ப மலைக்கும் ஜேர்மன் கந்தோர் மாதிரி அன்றாக் விண்ணப்பம் போட்டிட்டுக் காத்திருக்கவேணும் எண்டு சொல்லு."

அவள் அதை எப்படியோ மொழிபெயர்க்க, தொமாஸ் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

கடைசி நாள் காலையில் அவர் எங்களிடம் விடைபெற்று, மலைப்பாதையால் தன் சோளத் தோட்டத்துக்கு ஏறிப் போனார். மதுரா வழிக்குச் சாப்பாடு வாங்கக் கடைக்குப் போனாள். நான் விடுதிப் படியில் பெட்டிகளோடு இருந்தேன். இலக்கத் தகடு இல்லாத வெள்ளை வாகனம் ஒன்று வந்து நின்றது. இரண்டு பேர். ஒருவன் மரியாதையாகக் குனிந்து கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். தொமாஸ். அவன் அந்த மலைப்பாதையைக் கைகாட்டி என்னவோ கேட்டான்.

எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. நான் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

ஜேர்மனிக்கு வந்த புதிதில் நீங்கள்தானே சொல்லித் தந்தீர்கள்? "கந்தோரிலை விளங்காட்டிலும் தலையை ஆட்டு. முழிச்சுக்கொண்டு நிண்டால்தான் பிழை. பிறகு ஆரிட்டையும் கேட்டு விளங்கலாம்." எத்தனை கந்தோர், எத்தனை தெர்மீன் சந்திப்பு, எத்தனை டொக்டர். எல்லா இடமும் ஆட்டி ஆட்டியே என் கழுத்துக்குப் பழகிவிட்டது. அவனும் நன்றி சொல்லிவிட்டு அந்தப் பாதையால் போனான்.

"ஆர் அம்மா வந்தது?" என்று மதுரா கேட்டாள்.

"ஆரோ வழி கேட்டவை."

அவ்வளவுதான் சொன்னேன். மத்தியானம் பஸ் ஏறினோம். இங்கே வந்த பிறகுதான் அறிந்தோம்: தொமாஸ் அன்றைக்கு வீடு திரும்பவில்லை. இன்றுவரை இல்லை.

அண்ணை, எங்கள் ஊரில் ஆமி உங்களைப் பிடித்துப் போன சுற்றிவளைப்பு எனக்கு இப்போது நித்தம் நினைவில் வருகிறது. பள்ளிக்கூட வளவில் உங்கள் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார்கள். ஜீப்புக்குள் முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவன். அவன் தலையை ஆட்டிய ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். பதினொரு மாதம் கழித்து வலது காது கேளாமல் வந்தீர்கள். "அந்தத் தலையாட்டி ஆரெண்டு மட்டும் தெரிஞ்சால்..." என்று சாகும்வரை பல்லைக் கடித்தீர்கள். அவனுக்கு என்ன கேட்டார்கள் என்று விளங்கியிருக்குமா? பயத்தில் ஆட்டினானா? இந்தக் கேள்வி எனக்கு முன்பு ஒருநாளும் வந்ததில்லை. இப்போது வருவதே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

போன கிழமை மதுரா என் குசினியில் இருந்துகொண்டு ஒரு குரல்பதிவைப் போட்டுக் காட்டினாள். தொமாஸின் மனைவி. அந்தப் பாஷை எனக்கு விளங்கவில்லை. அந்தக் குரல் விளங்கியது. அம்மா உங்களைத் தேடி முகாம் முகாமாகத் திரிந்த நாளில் அவவிடம் இருந்த குரல்தான்.

"அண்டைக்குக் காலமை ஆரும் வந்து அவரை விசாரிச்சவையோ எண்டு கேக்கிறா. நீங்கள் ஒருத்தரையும் காணேல்லைத்தானே அம்மா?"

பிள்ளை என்னை எப்படிப் பார்ப்பாள் என்று பயந்தேன். ஓம் என்று தலையை ஆட்டினேன். "அம்மா ஒருத்தரையும் காணேல்லையாம்" என்று அவள் பதில் அனுப்பிவிட்டாள்.

முதல் தரம் விளங்காமல் ஆட்டினேன். இரண்டாம் தரம் எல்லாம் விளங்கித்தான் ஆட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதுரா வருகிறாள். அந்தப் பெண்ணுக்கு அழைப்பு எடுக்கச் சொல்லி, வெள்ளை வாகனம், குனிந்தவனின் முகம், அவன் காட்டிய படம், நான் செய்தது எல்லாவற்றையும் வாயால் சொல்வேன். உங்களை ஏற்றிக்கொண்டு போன அன்று, எங்கே கொண்டு போனார்கள் என்று அம்மாவுக்குச் சொல்ல அந்த வளவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் திறப்பேன் அண்ணை. இது சத்தியம்.

உங்கள் ஒரே தங்கச்சி,
வசந்தி