நீரூற்றுக்கும் குளத்துக்கும் நடுவே

ஆகஸ்ட் 27, 1923

பூங்காவில் நல்ல கூட்டம். நீரூற்றுப் பக்கம் பாண்டு வாசித்தார்கள். நேர்கோட்டுப் பாதைகள், வட்டமான ரோஜாப் பாத்திகள், இரும்பு பெஞ்சுகள் — அந்த மேல்நாட்டுப் பாதிக்கு டோக்கியோவே திரண்டு வருகிறது. எங்கள் தேநீர்க் கடை இருக்கும் குளத்துப் பாதியில் பைன் மரங்களும் கல்விளக்கும்தான். இங்கே வந்து உட்கார்ந்தவர்கள் லேசில் எழுந்திருப்பதில்லை. அத்தைக்கு இதுதான் பூங்கா, அது வேடிக்கை. அவர் மகனுக்கு, என் வீட்டுக்காரருக்கு, நேர்மாறு.

தோகுஜி போன வாரமும் இரண்டு ராத்திரி வீட்டுக்கு வரவில்லை. குடைக் கடையில் வேலை அதிகமாம். நான் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை பெறாதவள் எதைக் கேட்பது?

செப்டம்பர் 3

உயிரோடு இருக்கிறோம்.

சனிக்கிழமை, உலையில் சோறு வேகும் நேரத்தில் பூமி ஆடியது. பிறகு நெருப்பு. வீடு போயிற்று. நல்லவேளை, நானும் அத்தையும் கடையில் இருந்தோம். இப்போது பூங்கா முழுக்க ஜனம். ரோஜாப் பாத்திமேல் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். குளத்தில் துணி அலசுகிறார்கள். அத்தை ஒருவரையும் தடுக்கவில்லை.

தோகுஜி அன்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் போயிருந்தார். அந்தப் பக்கம் என்று சொன்னாலே கேட்பவர்கள் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

செப்டம்பர் 5

தேடினேன். இல்லை.

செப்டம்பர் 9

நீரூற்றைச் சுற்றி எல்லோரும் காணாமற்போனவர்களின் பெயரைக் கூவிக்கொண்டு நடக்கிறார்கள். நானும் கூவினேன். எதிர்ப்பக்கத்திலிருந்து அதே பெயர் கேட்டது. "மினேகிஷி தோகுஜி... குடைக் கடை தோகுஜி..." யாரோ எனக்காகச் சேர்ந்து கூப்பிடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

சுற்றிப் போய்ப் பார்த்தால், சின்னப் பெண். ரின் என்று பெயர் சொன்னாள்.

"நீங்க அவருக்கு யாரு?"

"சம்சாரம்" என்றேன்.

சட்டென்று இரண்டு கையாலும் வயிற்றை மறைத்துக்கொண்டாள். மறைக்கிற வயிறா அது?

செப்டம்பர் 10

அவள அடிக்கணும்னு கை துடிச்சுது. ஏன் அடிக்கல? உதடெல்லாம் காஞ்சு வெடிச்சிருந்துது, அதனாலயா? என் சோத்துருண்டையில பாதிய அவ கையில வச்சிட்டு வந்தேனே — நான் என்ன பைத்தியமா?

செப்டம்பர் 14

அத்தையிடம் சொல்லிவிட்டேன். வேறு யாரிடம் சொல்வது? அத்தை எழுந்து நீரூற்றுப் பக்கம் போனார். திரும்பும்போது ரின்னைக் கையோடு கூட்டி வந்தார். கடையை ஒட்டி நாங்கள் போட்டிருந்த கொட்டகையில் மழை ஒழுகாத மூலை என்னுடையது. "நீ கொஞ்சம் தள்ளிக்கம்மா" என்றார்.

தள்ளிக்கொண்டேன்.

அக்டோபர் 20

ஆற்றுக்கு அந்தப் பக்கம் இறந்தவர்கள் எல்லோரையும் ஒன்றாகத்தான் எரித்திருக்கிறார்கள். அந்தச் சாம்பலில் ஒரு பிடி கொண்டு வந்தோம். இதில் அவர் இருக்கிறாரோ இல்லையோ. ஊதுவத்தி ஏற்றி நானும் அத்தையும் கும்பிட்டோம். ரின் பின்னால் நின்றாள். முன்னால் வரச் சொன்னேன், வரவில்லை.

நவம்பர் 18

பையன் பிறந்து நாலு நாள். அவருடைய காது அப்படியே.

ரின் தூங்கியதும் அத்தை என்னைக் குளத்தங்கரைக்குக் கூப்பிட்டார். "புள்ளைய உன் பேர்ல பதிஞ்சிடலாம். அவளுக்கு வயசிருக்கு, நீகாத்தாவுல அவ பொறந்த ஊருக்கு அனுப்பிடுவோம். அவகிட்ட பேசிட்டேன், சரின்னுட்டா."

"அவ சரின்னாளா?"

"வேற என்ன சொல்லுவா?"

நவம்பர் 19

ஆசையாக இருக்கிறது. ரொம்ப ஆசையாக இருக்கிறது.

நவம்பர் 22

காலையில் தண்ணீர் எடுக்கப் போனேன். பைன் மரத்துக்குப் பின்னால் ரின் பழந்துணியால் மார்பை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்திருந்தாள். என்ன செய்கிறாய் என்றேன்.

"ஊருக்குப் போறதுக்குள்ள பால் வத்தணும்லக்கா."

வாளியை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். பகலெல்லாம் பையனை மடியில் வைத்திருந்தேன். என்னைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடினான். நான் நல்ல தாயாக இருப்பேன். அதில் சந்தேகம் இல்லை. சந்தேகம் அதில் இல்லையே.

நவம்பர் 26

பதிவு அலுவலகத்துக்கு நாலு பேருமாகப் போனோம். குமாஸ்தா தலையைத் தூக்காமலே கேட்டார்: "இதுல அம்மா யாரு?"

அத்தை என் முதுகில் கை வைத்தார். ரின் தரையைப் பார்த்தாள். பையன் என் கையில்தான் இருந்தான்.

அவனை ரின்னிடம் கொடுத்தேன். "இவதான். எங்களோட இருக்கா, இனியும் இருப்பா" என்றேன்.

திரும்பி வரும் வழியில் அத்தை எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். பூங்கா வாசலுக்குள் நுழைந்ததும் பையன் பசியில் வீறிட்டான். கொட்டகை வரை தாங்காது. ரின் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மார்புக் கட்டை அவிழ்த்தாள். போவோர் வருவோர் எல்லாம் ஆண்கள். அத்தை பெருமூச்சு விட்டார். பிறகு அவள் முன்னால் போய், தன் மேலங்கியை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றார்.

ஒரு பக்கம் காற்றில் விலகியது. நான் போய் அந்தப் பக்கம் நின்றேன்.