மாத்திரையை விட்டுச் சொன்ன சாட்சி

பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, காலை ஐந்து ஐம்பது. கடைசி மாத்திரையை நீ போட்டது ஐந்தாம் தேதி இரவு என்று எழுதியிருக்கிறாய். நாளுக்கு இரண்டு என்றால், இந்தக் காலை வேளையையும் சேர்த்துப் பதினேழு மாத்திரை உன் உடம்புக்குள் போகவில்லை.

அன்பு மகள் சில்லுவுக்குச் சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் சித்தியும் உன் தங்கையும் கர்த்தர் தயவில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். இந்த வரியை எல்லாக் கடிதத்திலும் கை தானாக எழுதும், இந்த முறை ஒவ்வொரு எழுத்தையும் பயந்து பயந்து எழுதுகிறேன். வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோவேன். தங்கைக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, சிரித்தால் கதவு இல்லாத வீடு மாதிரி இருக்கிறது, அதைச் சொன்னால் அடிக்க வருகிறாள். சித்திக்குப் பாடகர் குழுவின் அங்கி பதினாறு தைக்கக் கிடைத்திருக்கிறது, கூடம் முழுக்க வெள்ளைத் துணி, கால் வைக்க இடமில்லை. சமையலறைக் குழாய் மூன்று வாரமாக ஒழுகுகிறது, பால் ஆலையில் அத்தனை குழாயையும் கருவியையும் பார்க்கிற மனுஷனுக்கு வீட்டுக் குழாய் மட்டும் கண்ணுக்குத் தெரியாதா என்று சித்தி தினமும் ஒரு தடவை ஓதுகிறாள். நேற்று ஓதவில்லை. அதிலிருந்தே வீடு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்.

உன் கடிதம் செவ்வாய் சாயங்காலம் வந்தது. தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று படித்தேன். மாத்திரையை நிறுத்திவிட்டாய், விடுதிப் பெண்கள் எட்டு பேர், ஜெபக்கூட்டம் நடத்துகிற ஜெப அக்காவோடு இருபத்தொரு நாள் உபவாசத்தில் இருக்கிறீர்கள், போன்களை எல்லாம் கூடையில் போட்டு அலமாரியில் பூட்டியாயிற்று, மதியம் வரை சாப்பாடு இல்லை, காலை மூன்றரைக்கு எழுந்து ஜெபம். படித்த கையோடு உன் எண்ணை அழைத்தேன், அணைத்து வைத்திருந்தது. நேற்று வார்டன் அம்மாவின் அலுவலக எண்ணுக்குப் பேசினேன். நல்ல மனுஷி, உன்னைக் கூப்பிட ஆள் அனுப்பினார். நீ வரவில்லை. "உபவாசம் முடியற வரைக்கும் வீட்டோட பேசமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்காளாம் சார், ஆனா நல்லாத்தான் இருக்கா, நடந்து போறதை நானே பார்த்தேன்" என்றார். நடந்து போகிறாள் என்று ஒருவர் சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலைமையில் இருக்கிறேன் நான். அதனால்தான் விரைவுத் தபாலில் இந்தக் கடிதம். இன்று காலை போட்டால் நாளை மதியத்துக்குள் உன் கைக்கு வந்துவிடும் என்று தபால்காரர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்.

முதலில், நேற்று உன் டாக்டரிடம் பேசியபோது அவர் சொன்னது, அதை மட்டும் இரண்டு தரம் படி. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, தூக்கம் கெடுவதும் பட்டினியும் அதோடு சேர்ந்தால் இன்னும் ஆபத்து. நான் பதறிப்போய், "அப்போ இன்னிக்கே பழையபடி போடச் சொல்லட்டுமா டாக்டர்?" என்றேன். "அவசரப்படாதீங்க. இத்தனை நாள் விட்டப்புறம் பழைய அளவை அப்படியே ஆரம்பிக்கக் கூடாது. எப்படின்னு நான் சொல்றேன், முதல்ல அந்தப் பொண்ணை எனக்குப் பேசச் சொல்லுங்க" என்றார். அவருடைய எண்ணை இந்தத் தாளின் பின்புறம் பெரிதாக எழுதியிருக்கிறேன். வார்டன் அறையிலிருந்து பேசு. குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடாதே, மாடிப்படியில் தனியாக இறங்காதே.

இதற்குப் பதிலாக நீ என்ன சொல்வாய் என்று உன் கடிதத்திலேயே இருக்கிறது. பதினாறு மாதமாக ஒரு வலிப்புகூட வரவில்லை, ஆகவே சுகமாகிவிட்டேன். இந்த 'ஆகவே' என்னைத் தூங்கவிடவில்லை. எங்கள் ஆலையில் பாலைக் கொதிநிலைக்குக் கீழே ஒரே சூட்டில் வைத்திருக்க ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி உண்டு, சூடு ஏறினால் நீராவியைக் குறைக்கும், இறங்கினால் கூட்டும். போன மாதம் புதிதாக வந்த ஒருவர் அளவுமானியைப் பார்த்துவிட்டு, "சார், நானும் ஒரு வாரமா பார்க்கிறேன், முள்ளு ஆடவே இல்ல. அப்புறம் எதுக்கு இந்தப் பெட்டி? கழட்டி வெச்சா கரண்டாவது மிச்சமாகும்" என்றார். கொதிகலன்காரர் அவர் தோளைத் தட்டி, "முள்ளு ஆடாம இருக்கிறதே அந்தப் பெட்டியாலதான் ராசா. உன்னைக் கழட்டி வெச்சா இன்னும் மிச்சமாகும்" என்றார். சிரித்தோம். செவ்வாய்க்கிழமை வாசலில் நின்று உன் 'ஆகவே'யைப் படித்தபோது அந்தப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் நான் எழுதியது வேறு கடிதம். உன் ஜெப அக்காவைக் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தேன். நேரே வந்து உன்னைக் கையைப் பிடித்து இழுத்து வருவதாக எழுதியிருந்தேன். சித்தி அதை வாங்கிப் படித்துவிட்டு, தையல் ஊசியை வாயில் கடித்தபடியே, "இழுத்துட்டு வந்தா உடம்பு வரும், புத்தி வருமா? அவ கடுதாசிய முழுசா படிச்சீங்களா, இல்ல முதல் பக்கத்தோட ஹெல்மெட்டைக் கழட்டிட்டீங்களா?" என்றாள். நான் முழுதாகப் படித்திருக்கவில்லை. இரண்டாம் பக்கத்தை நேற்றுக் காலைதான் படித்தேன். ஜெப அக்கா உன்னை மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. நீ அவரிடம் நம் சபையில் நான் சொன்ன சாட்சியை வார்த்தை மாறாமல் சொல்லியிருக்கிறாய். கேட்டுவிட்டு அவர், 'கர்த்தர் முழுசா சுகம் குடுத்துட்டார்னு உன் வீட்லயே சாட்சி சொல்லிட்டாங்க, அப்புறம் இன்னும் எதுக்கும்மா இது?' என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

சில்லு, அந்தச் சாட்சி பாதிதான். எட்டு மாதத்துக்கு முன் சபை ஆண்டு விழா, நான் பழுதுபார்த்த மைக், எனக்கு மூன்று நிமிடம். அப்போதைக்கு எட்டு மாதமாக வலிப்பு இல்லை, கர்த்தர் என் மகளை முழுமையாகச் சுகமாக்கினார் என்றேன். டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்ததும், நீ காலையும் இரவும் அலாரம் வைத்து விழுங்கியதும் எனக்குத் தெரியாமலா இருந்தது? மாத்திரை என்று சொன்னால் கைதட்டல் குறையும் என்று தோன்றியது, விட்டுவிட்டேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை. நீ மூன்றாவது வரிசையில் கைப்பைக்குள் மாத்திரை அட்டையோடு உட்கார்ந்திருந்தாய். உன்னைக் கேட்காமல் உன் நோயை நூற்றைம்பது பேருக்குச் சொன்னேன், சொன்னதையும் ஒழுங்காகச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ என் காதருகே, "சித்தப்பா, மாத்திரையச் சொல்லவே இல்லையே?" என்றாய். "அதெல்லாம் சபைல சொல்ற விஷயமா, சும்மா வா" என்றேன். ஆலையில் ஒரு கருவி தப்பாகக் காட்டினால் சிவப்புச் சீட்டு ஒட்டாமல் நகர மாட்டேன். பாதி அளவை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டவனை வேலையை விட்டே தூக்கச் சொல்வேன். சபைக்குள் நுழையும்போது அந்தப் புத்தியைச் செருப்போடு சேர்த்து வெளியே விட்டுவிட்டேன் போல. உன் அப்பா, என் அண்ணன், இருந்திருந்தால் அன்றைக்கே என் காதைத் திருகியிருப்பான். அவனும் அண்ணியும் போனபோது உனக்கு ஒன்பது, எனக்கு இருபத்திரண்டு, பிள்ளை வளர்க்க ஒன்றும் தெரியாது, கேள்வி கேட்டால் பதில் சொல்வது மட்டும்தான் தெரிந்தது. அதையும் பஸ்ஸில் கைவிட்டேன்.

நேற்று சாயங்காலம் போதகர் வீட்டுக்குப் போனேன், அவர் ஜெப அக்காவிடம் பேசி அதட்ட வேண்டும் என்று கேட்கத்தான் போனேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தம்பி, அந்தம்மாவை அதட்டறதுக்கு முன்னாடி நம்ம ரெண்டு பேரையும் யாராவது அதட்டணும். நீங்க சொன்னப்போ முதல்ல கை தட்டினது நான்" என்றார். பிறகு வேதத்தை எடுத்துப் போட்டு இரண்டு மணி நேரம் படித்தோம். உனக்கு நான் ஒரு வசனத்தை அனுப்பப் போவதில்லை, உன் ஜெப அக்கா ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல, நீ யார் குரல் பெரிது என்று பார்க்க வேண்டாம். பகுதி முழுவதையும் நீயே படி. தேவாலயத்து உச்சியிலிருந்து இயேசுவைக் குதிக்கச் சொன்ன சாத்தான் வசனத்தைத் தப்பாகச் சொல்லவில்லை, தூதர்கள் தாங்குவார்கள் என்று எழுதியிருப்பதைத்தான் சொன்னான். இயேசு அதை இல்லை என்று மறுக்கவில்லை, கர்த்தரைச் சோதிக்காதே என்று இன்னொன்றும் எழுதியிருக்கிறதே என்று அதன் பக்கத்தில் வைத்தார். வசனம் சரி, அதை வைத்துக் குதிக்கச் சொன்னதுதான் தப்பு. அந்த வித்தியாசத்தைப் பார்க்கக் கற்றுக்கொள், விசுவாசத்துக்கு அது எதிரி இல்லை. குஷ்டம் நீங்கினவனை அவர் நேரே எங்கே அனுப்பினார் பார், ஆசாரியனிடம் போய்க் காட்டு என்றார், அந்தக் காலத்தில் சோதித்துப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு அவனுக்குத்தான். சுகம் கொடுத்தவரே சோதனைக்கு அனுப்புகிறார், நாம் டாக்டருக்குத் தெரியாமல் அட்டையைக் குப்பையில் போடுகிறோம். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, துணி வெட்டிக்கொண்டே கேட்ட சித்தி, "எசேக்கியா ராஜாவுக்கு நீ பிழைப்பேன்னு கர்த்தர் வாக்குக் குடுத்த பிறகும் தீர்க்கதரிசி அத்திப்பழத்தை அரைச்சுக் கட்டச் சொன்னாரே, அது மட்டும் எதுக்காம்?" என்றாள். போதகர் சொன்னதைவிட அதுதான் எனக்கு உறைத்தது. கர்த்தர் உன்னைச் சுகமாக்க முடியாது என்று நான் சொல்லவில்லை, சொன்னால் என் நாக்கு அழுகட்டும். மருந்தில்லாமலும் அவரால் முடியும். அது நடந்துவிட்டதா என்பது வேறு கேள்வி, அதற்குப் பதில் டாக்டர் பார்த்து, மெதுவாகக் குறைத்து, சோதித்துத்தான் தெரியும். இந்தப் பதினாறு மாதமும் மருந்து வழியாக அவர் கொடுத்தது என்றால் அதில் என்ன குறை?

ஜெப அக்கா உங்களுக்காகக் கண்விழிக்கிறவர், காய்ச்சலில் படுத்தவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவர் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய், நம்புகிறேன். நல்லவர்கள் சொல்வதெல்லாம் சரியாகிவிடாது. நானும் உனக்கு நல்லவன்தான், நான் சொன்னதை நம்பித்தான் இப்படி ஆயிற்று. இனி நான் சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்ளாதே, இந்தக் கடிதத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று, இதை மென்மையாகச் சொல்லத் தெரியவில்லை. நீ குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறாய். காலையில் பன்னிரண்டு குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மாடிக்குக் கொண்டுபோகிறாய் என்று நீயே பெருமையாக எழுதினாய். உன் விசுவாசத்துக்காக நீ விழலாம், அது உன் இஷ்டம் என்று வைத்துக்கொள்வோம். கையிலிருக்கிற ஒன்றரை வயதுக் குழந்தையின் விசுவாசத்தை யார் கேட்டார்கள்? அதன் அம்மாவைக் கேட்டாயா? இரண்டு நாளாக எனக்குக் கண்ணை மூடினால் அந்த மாடிப்படிதான் தெரிகிறது.

உன்னைக் கர்த்தர் காக்க வேண்டும், உன் புத்தியைத் தெளிவாகவும் உன் கால்களை நிலையாகவும் வைக்க வேண்டும். தங்கை உனக்கு முத்தம் அனுப்பச் சொன்னாள், பல் இல்லாததால் எச்சிலோடு வரும், துடைத்துக்கொள். சித்தி அழவில்லை என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். மறக்காமல் டாக்டரிடம் பேசு. நான் செய்யப் போவதை ஒளிக்காமல் கீழே எழுதியிருக்கிறேன்.

1. இன்று ஒன்பது மணிக்குக் காப்பகம் திறந்ததும் அங்கே பேசுவேன். நோயின் பெயரைச் சொல்ல மாட்டேன். சில நாளைக்கு உன்னைக் குழந்தைகளைத் தூக்க விடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். நீ இதைப் படிக்கும்போது அது முடிந்திருக்கும். கோபப்படு, தாங்கிக்கொள்வேன்.

2. நாளை வெள்ளிக்கிழமை இரவு ஏழு மணி ரயிலில் கிளம்புகிறேன், கிடைத்த முதல் இருக்கை அதுதான். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு விடுதிப் பார்வையாளர் அறையில் இருப்பேன். கையைப் பிடித்து இழுக்க மாட்டேன். நீ இறங்கி வரும் வரை உட்கார்ந்திருப்பேன், ஐந்து நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன்.

3. நீ சம்மதித்தால் ஜெப அக்காவைப் பார்ப்பேன். கத்த மாட்டேன் (இது சித்தி எழுத வைத்தது). நான் சொன்ன சாட்சியில் பாதி இல்லை என்பதைத்தான் அவரிடம் முதலில் சொல்வேன், மற்ற ஏழு பெண்களையும் கூப்பிட்டு வைத்தே சொல்வேன்.

4. இருபத்துநான்காம் தேதி ஞாயிறு சபையில் மறுபடியும் மூன்று நிமிடம் கேட்டிருக்கிறேன், போதகர் ஆறு தருவதாகச் சொன்னார். இந்த முறை உன்னைக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். நீ அனுமதித்தால் முழுதையும் சொல்வேன். நீ வேண்டாம் என்றால், போன முறை சொன்னது முழு உண்மை இல்லை என்று மட்டும் சொல்லி இறங்கிவிடுவேன்.

5. திரும்பி வரும் டிக்கெட் எடுக்கவில்லை. ஒன்றா இரண்டா என்று சனிக்கிழமை நீ சொன்ன பிறகு எடுப்பேன்.

உன் சித்தப்பா