ஏழாவது தட்டில் என் தும்மல்

2024 ஜூலை 8, திங்கள்

மினி பஸ்ஸில் ‘குத்தாலம்’ என்று எழுதியிருந்ததை நானே படித்து ஏறினேன். எழுபத்திரண்டு வயதில், எழுத்து வகுப்புக்குப் போய்! வளைவில் டிரைவர் ஹாரன் அடித்தார். பெருச்சாளி பாட்டு. பஸ்ஸே சிரித்தது.

பெருச்சாளி மாப்பிள்ளைக்குச் சீர் வருகிறது. முதல் தட்டில் உலக்கை, இரண்டாம் தட்டில் உரல் என்று எண்ணிக்கொண்டே போகும் பாட்டு. ஏழாவது தட்டில் ஒரு தும்மல். அச்சூ! மாப்பிள்ளை பயந்துபோய் வளைக்குள் ஓடிவிடுவார். இவ்வளவுதான். ஐம்பது வருஷமாக எங்கள் பக்கத்து ஆட்கள் இதை விடவில்லை. கல்யாணத்தில் சீர்த்தட்டு எண்ணினால் ஏழாவதுக்குப் பந்தலே தும்மும். பாய் வீட்டிலும் தும்முவார்கள், நம் வீட்டிலும் தும்முவார்கள். நாற்று முடி எண்ணுகிற பெண்கள் “ஆறு, அச்சூ, எட்டு” என்பார்கள். ஒரு காரியம் முடிகிற நேரத்தில் கெட்டால் “ஏழாவது தட்டாயிடுச்சு” என்பார்கள். வேறு ஊரில் நல்ல காரியத்தில் தும்மினால் முகம் சுளிப்பார்களாம். இங்கே தும்மாத கல்யாணம் கல்யாணமே இல்லை.

அந்தத் தும்மல் என்னுடையது.

இதை எழுதத்தான் நோட்டு வாங்கினேன். கை வலிக்கிறது. மீதி நாளைக்கு.

ஜூலை 9

1974. பாடினவர் கீழ்வேளூர் பக்கீர் முகம்மது பாய். நான் தாளம் போடுகிறவன். பதிவு செய்ய மதராசுக்குப் போனோம். அந்த அறையில் குளிர் மிஷின். நான் அதற்கு முன் அப்படி ஒரு குளிரைப் பார்த்ததில்லை. ஆறு தட்டு வரைக்கும் மூக்கை அடக்கினேன். ஏழாவதில் முடியவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கத்தினார். பாய் கையை நீட்டித் தடுத்தார். “இருக்கட்டும் சார். பெருச்சாளி எதுக்கு ஓடுச்சுன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது” என்றார்.

பாட்டில் முதலில் ஏழாவது தட்டில் பூசணிக்காய் இருந்தது. அது யாருக்கும் தெரியாது!

ஜூலை 14, ஞாயிறு

பேத்தி பிரகதீஸ்வரிக்குத் திருப்பனந்தாளில் சம்பந்தம் முடிந்தது. பத்திரிகைக்குத் தாத்தா பேர் என்ன என்று சம்பந்தி கேட்டார். என் வீட்டுக்காரி ஞானாம்பாள் என்னை இடித்து, “சொல்லுங்களேன்” என்றாள். நாற்பத்தேழு வருஷத்தில் என் பேர் அவள் வாயில் வந்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட பக்கத்தில் நிற்கிறவர்தான் சொல்லவேண்டும்.

அவர்கள் போனதும் எனக்கு ஒரு எச்சரிக்கை. “சம்பந்தி முன்னாடி அந்தத் தும்மல் கதையை எடுத்தீங்க, நான் அப்படியே எந்திரிச்சுப் போயிடுவேன்.”

“கதை இல்லடி, நெசம்.”

“ஊரே தும்முது. உங்களுக்கு மட்டும் என்ன பட்டாவா போட்டுக் குடுத்திருக்கு?”

கட்டிக்கொண்ட வருஷத்திலிருந்து இதே பேச்சு. மற்றதில் எல்லாம் என்னை நம்புகிறவள். யார் நம்பாவிட்டாலும் போகட்டும். இவள் நம்ப வேண்டும் எனக்கு.

ஆகஸ்ட் 3, சனி

பத்திரிகை உறையில் நானே பேர் எழுதினேன். முதல் உறை: ‘மெஹராஜ் பேகம், கீழ்வேளூர்’. பாயின் சம்சாரம். பாய் போய்ப் பதின்மூன்று வருஷம் ஆகிறது. ‘ஹ’ போட மூன்று உறை வீணானது.

ஐம்பது வருஷமாக அந்த வாசலை மிதிக்கவில்லை. ஏன் என்று எழுதிவிடுகிறேன். ரெக்கார்டு வந்த அன்று குத்தாலத்து டீக்கடையில் பாய் அதை நீட்டினார். “உன் பேரு இருக்குடா, படிச்சுக்க!” எனக்கு எழுத்துத் தெரியாது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். கடையே சிரித்தது. ரெக்கார்டை உறையோடு அவர் மடியில் வீசிவிட்டு வந்தேன். தாளத்தை விற்றேன். வயலுக்குப் போனேன். பாய் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். திருப்பி அனுப்பினேன். அவர் மௌத்துக்கும் போகவில்லை.

கேலி செய்யத்தான் சொன்னாரா? அவர் எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார் — துக்க வீட்டில்கூட.

போகிறேன். இனி யாராவது படிச்சுக்க என்று சொன்னால் படித்துவிடலாம் இல்லையா?

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மாயவரத்தில் மாறி, திருவாரூரில் மாறி, எல்லாப் போர்டும் நானே படித்து —

இல்லை. அதை அப்புறம் எழுதுகிறேன்.

மெஹராஜ் பேகம் என்னைப் பார்த்ததும் “வாங்கண்ணே, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?” என்றது. வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்தேன். உறையைப் பார்த்து, “யாரு எழுதுனா, கோழி கிண்டுன மாதிரி?” நான்தான் என்றேன். அது சிரிக்கவில்லை. எழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனது. திரும்பி வந்தபோது கையில் அதே ரெக்கார்டு. அதே உறை, ஓரம் பழுத்து.

“உங்களுக்குன்னு வச்சிருந்தாங்க. யாருகிட்டயும் குடுக்கக் கூடாதுன்னாங்க. வர்றப்ப குடுன்னாங்க.”

பின்பக்கம் பேனாவால் எழுதியிருந்தது. பாய் கையெழுத்தாம். எழுத்து ஒவ்வொன்றும் கத்தரிக்காய் பருமன். விரலை வைத்து வைத்துப் படித்தேன்.

‘தாளம், தும்மல்: துரைராசு.’

மறுபடியும் படித்தேன். தும்மல். துரைராசு. என் பேர் இருந்தது. அன்றைக்கே இருந்தது. அந்த மனுஷன் நெசத்தைத்தான் சொல்லியிருக்காரு. நான்தான் —

“அப்பவே யாரையாவது படிக்கச் சொல்லியிருக்கலாம்லண்ணே?”

கூச்சம், தங்கச்சி. வேறென்ன?

“அந்தக் கூச்சம் தெரியாம சபையில நீட்டிட்டேனேன்னு கடைசி வரைக்கும் சொல்வாங்க” என்றது.

அழுதேன். அப்புறம் ரெண்டு பேரும் பாட்டைப் போட்டுக் கேட்டோம். ஏழாவது தட்டில் இருபத்திரண்டு வயசு துரைராசு தும்மினான். எவ்வளவு நல்ல தும்மல்!

ஆகஸ்ட் 7

ஞானாம்பாளிடம் உறையைப் படித்துக் காட்டினேன்.

“நீங்க படிச்சா நான் எப்படி நம்புறது? நேத்துப் படிச்ச படிப்பு!”

சரி, எழுத்து வகுப்பு டீச்சர் ஈஸ்வரியைப் படிக்கச் சொல்லலாம் என்றேன்.

“அது உங்க கூட்டு. என் கண்ணால நான் படிச்சாத்தான் உண்டு.”

உறையை வாங்கி அவள் புடவை அடுக்கில் வைத்துக்கொண்டாள். கேட்டால் தரமாட்டேன் என்கிறாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

கல்யாணம் முடிந்தது. சீர்த்தட்டு இருபத்தொன்று. சம்பந்தி எண்ணினார். “ஆறு” என்றதும் மண்டபமே மூச்சை இழுத்தது. பேன்ட் செட்காரன் மேளத்தை நிறுத்தினான்.

அச்சூ! நானூறு பேர். கைக்குழந்தைகூட. திருப்பனந்தாள் சம்பந்தியம்மா வைர மூக்குத்தியோடு தும்மினார்கள்.

நான் வாயே திறக்கவில்லை. ஞானாம்பாளின் எச்சரிக்கை ஞாபகம் இருந்தது. நானூறு பேர் என் தும்மலைத் தும்மும்போது நான் வேறு எதற்கு? சிரித்துச் சிரித்து வேட்டி அவிழ்ந்துவிட்டது.

அவள் தூரத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 14

ஞானாம்பாள் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். முட்டி வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு எனக்கு முன்னால் போகிறாள்.

நவம்பர் 20

மழை. சம்பா பயிர் தலை மட்டும் தெரிகிறது. ஞானாம்பாள் ‘த’ வரிசை.

டிசம்பர் 9

உப்புப் பாக்கெட்டைப் படித்தாள். அதில் எழுதியிருப்பது தப்பாம்; சண்டை போடுகிறாள். நன்றாக வருகிறது.

2025 ஜனவரி 16, வியாழன்

பிரகதீஸ்வரியும் மாப்பிள்ளையும் பொங்கலுக்கு வந்திருக்கிறார்கள். சாப்பிட்டு முடித்த பிறகு ஞானாம்பாள் போய் உறையை எடுத்து வந்தாள். வெளிச்சத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். எழுத்துக்குக் கீழே விரலை வைத்தாள்.

“தா... ள... ம்.”

கொஞ்சம் மூச்சு வாங்கினாள்.

“து... ம்... ம... ல். தும்மல்.”

அடுத்த வார்த்தைக்கு விரல் போனது. நின்றது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. விரல் மட்டும் கடைசி எழுத்து வரைக்கும் போய் மறுபடி முதலுக்கு வந்தது.

“என்ன ஆத்தா, தெரியலையா? நான் படிக்கவா?” என்றாள் பேத்தி.

“எல்லாம் தெரியுது. நீ சும்மா இரு.”

முகம் சிவந்துபோயிருந்தது, புதுப்பெண்ணுக்கு மாதிரி. விரலை எழுத்திலிருந்து எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

“இவங்க” என்றாள்.