எண்ணூர்க் கழியில் நம் பாத்தி

அஞ்சலையின் அப்பாவுக்கு,

நேற்று மீன் இலாகா அதிகாரி கழிக்கு வந்து ஆளிச் சிப்பி வளர்க்கும் பாத்திகளைப் பார்த்தார். குத்தகைக்காரர் தானே இறங்கிப் பாடுபடாத பாத்தியைச் சர்க்கார் திரும்ப எடுத்துக்கொள்ளுமாம். நம் பாத்தியில் ஆளி ஒட்டும் கற்கள் சேறில்லாமல் சுத்தமாக இருந்தன. கழுவியது யார் என்று கேட்க வேண்டாம்.

“ஆள் எங்கே?” என்றார். எல்லைக் கம்புத் தகராறில் யாரோடு கோபித்துக்கொண்டு நீங்கள் ராயபுரம் போனீர்களோ, அந்த எத்திராசுதான் முந்திக்கொண்டு சொன்னார்: “இப்பதான் சார் கரையேறி வூட்டுக்குப் போனாரு.”

இன்று அவரே வாசலில் வந்து நின்றார். “அமாவாசை கழிச்சு ஆபீசரு திரும்ப வராரு. இன்னொரு தபா என்னால பொய் சொல்ல முடியாது. அவர வரச் சொல்லும்மா.”

கை ஆறியதும் எழுதலாம் என்றிருந்தேன். ஆளி ஓடு கிழித்த காயம் உப்புத் தண்ணீரில் ஆறுவதாக இல்லை.

உங்கள் வீட்டுக்காரி