குழாயில் முளைத்த கொத்தமல்லி

11.5.2003, ஞாயிறு. ஈஜிபுரா.

மண்ணில்லாமல் கீரை வளர்க்கிறேன் என்று மைத்துனன் மொட்டைமாடி முழுக்கப் பிவிசி குழாய் மாட்டினான். அதற்காக என் துணிக்கொடியை அவிழ்த்தான். கரன்ட் போனால் பம்ப் நிற்கும், பம்ப் நின்றால் செடி சாகும். இந்த ஊரில் கரன்ட் போகாத நாள் எது? எல்லாம் கருகிவிட்டது.

குழாய் இருக்கலாமா என்று இன்று வீட்டுக்கார அம்மா பார்த்துச் சொல்வதாக இருந்தது. ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை என்பதால் நம்பிக்கையோடு காத்திருந்தேன். நம் மேதை காலையிலேயே சந்தைக் கொத்தமல்லியை வாங்கி ஓட்டைகளில் சொருகிவிட்டான். அம்மா ஒன்றைப் பிடுங்கினார். வாழைநாரோடு வந்தது.

"ஏன்ப்பா, கட்டோடயே முளைக்குதா?"

"ஆமா ஆன்ட்டி, புது டெக்னாலஜி."

"அட! நாங்க குடியிருக்கிற வீட்டு மாடிலயும் ஒண்ணு போட்டுக் குடுப்பா."

என் வேட்டி குளியலறையில் சொட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை.