அக்காவின் பேரில் ஒரு கார்ட்

மெல்பேர்ணின் கிரான்பர்ன் முழுவதையும் ஒற்றைக் குரலால் ஆண்டவரும், கல்யாண மண்டபங்களில் மைக் இல்லாமலே முழங்கியவருமான என் ஆசை அத்தானுக்கு,

நீங்கள் போய் ஒரு வருசம். திவசத்துக்குச் சமைத்த கத்தரிக்காய்க் குழம்பில் உப்புக் கூடிவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் அந்தக் குறையைச் சொல்லிச் சொல்லியே மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டிருப்பீர்கள். அங்கே சாப்பாடு எப்படி? புத்தி சொல்ல ஆட்கள் கிடைக்கிறார்களா?

உங்களைப் புகழ்ந்து நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். புகழ்வேன். அதற்கு முன் ஒரு பொய்யை எல்லாருக்கும் முன்னால் உடைக்கப் போகிறேன். கோபிக்காதீர்கள். கோபித்தாலும் பரவாயில்லை, இந்தத் தடவை உங்களால் குறுக்கே பேச முடியாது.

எண்பத்தேழில் நான் மெல்பேர்ணில் வந்து இறங்கியபோது, இந்தக் கண்டம் முழுவதிலும் எனக்கிருந்த சொத்து ஒரு சூட்கேசும் உங்கள் மனைவியாகிய என் அக்காவும்தான். எந்த வங்கிக்குப் போனாலும், "உமக்கு இந்த நாட்டில் கடன் வாங்கிக் கட்டிய வரலாறு இல்லையே" என்றார்கள். கடன் தந்தால்தானே ஐயா கட்டிக் காட்டலாம்?

அப்போது நீங்கள் கர்ணனாக எழுந்தீர்கள். "மச்சான், என்ர கிரடிற் கார்ட்டில உன்னையும் சேர்த்து விடுறன். உன்ர பேரிலயே ஒரு கார்ட் வரும். நீ ஒழுங்காப் பாவிச்சு ஒழுங்காக் கட்டு, பாங்க்காரன் பார்த்துக்கொண்டிருப்பான். மூண்டு வருசத்தில உனக்கு ஒரு பேர் வந்திடும்."

கார்ட் வந்தது. என் பேர் பொன்னெழுத்தில் மின்னியது. சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துத் திருநீறு பூசினேன். வெள்ளிக்கிழமைகளில் மட்டும், குளித்து முழுகி, அதைக் கொண்டுபோய் பெற்றோல் அடித்தேன். அன்று பின்னேரமே காசை என்வலப்பில் போட்டு உங்கள் கையில் தந்தேன். மூன்று வருசம் ஒரு வெள்ளி தவறவில்லை. ஆஸ்திரேலியாவின் வங்கிகள் எல்லாம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கின்றன என்று நம்பினேன்.

பிறகு கார் வாங்கக் கடன் கேட்டுப் போனேன். அந்த அதிகாரி கம்ப்யூட்டரை இரண்டு தரம் தட்டிப் பார்த்தார். "உங்கள் அத்தான் தங்கமான வாடிக்கையாளர். ஆனால் கணக்கு அவருடையது. கார்ட்டைப் பாவிக்க உங்களுக்கு அனுமதி மட்டும்தான். உங்களைப் பற்றி எங்களிடம் ஒன்றுமே இல்லை."

நான் விரதமிருந்து தேடிய புண்ணியமெல்லாம் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறது, அத்தான்!

அடுத்த வாரமே, தொழிற்சாலைச் சம்பளத் துண்டைக் காட்டி, வேறொரு வங்கியில் என் பேரில் ஒரு சின்னக் கார்ட் எடுத்தேன். என் பேர் வளர்ந்தது அதில்தான். ஆனால் உங்களிடம் என்ன சொன்னேன்? "எல்லாம் உங்கட கார்ட் செய்த வேலை அத்தான்!" அக்காவின் புருசனிடம் போய், உங்கள் தானம் ஒரு சதத்துக்கும் உதவவில்லை என்று எந்த மச்சான் சொல்லுவான்?

அதன் பிறகு எத்தனை கல்யாண வீடு! சோற்றுத் தட்டோடு நிற்பவரையும் பிடித்து நிறுத்தி, "இவனுக்கு இந்த நாட்டில பேர் வாங்கிக் குடுத்தவன் நான்" என்பீர்கள். நான் பக்கத்தில் நின்று, "ஓம், ஓம்" என்று தலையாட்டுவேன். பொய்க்கு இருபது வயதாகி மீசையும் முளைத்துவிட்டது. அதனால் யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்தேன்.

நட்டம் யாருக்கென்று கேளுங்கள்.

நீங்கள் போன அதே கிழமையில் உங்கள் மகன் பொறுப்பாக அதை வங்கிக்கு அறிவித்தான். முப்பத்தோராம் நாள் காரியத்துக்குச் சாமான் வாங்க அக்கா சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனார். கார்ட் ஏற்கவில்லை. இன்னொரு தரம், ஏற்கவில்லை. பின்னால் வரிசை. அக்கா பருப்பைத் திருப்பி வைத்தார், பிறகு வெண்டிக்காயை, பிறகு தயிரை. கைப்பையில் கிடந்த சில்லறைக்குப் பால் மட்டும் வாங்கிக்கொண்டு வெளியில் வந்து எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, அவரோட என்ர கார்ட்டும் செத்துப்போச்சு."

அக்கா ஆஸ்பத்திரிக் குசினியில் பத்தொன்பது வருசம் சமையல் வேலை செய்தவர். கார்ட் பில்லை ஒவ்வொரு மாதமும் தபாலகத்துக்குப் போய்க் கட்டியவரும் அவர்தான், நீங்கள் கையெழுத்து மட்டும் போட்டீர்கள். ஆனால் கணக்கு உங்களுடையது. அவரும் என்னைப்போலவே அனுமதி பெற்றவர், அவ்வளவுதான்.

மகன் ஓடி வந்தான். "அம்மா, டோன்ட் வொரி. என்ர கார்ட்டில உங்களை அட் பண்ணிவிடுறன். ஃபைவ் மினிட்ஸ்."

"அப்பான்ர கார்ட்டில இருந்து இறங்கி உன்ரதில ஏறட்டோ? நான் என்ன பஸ்ஸே மாறுறன்?" என்றார் அக்கா.

அந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். பெற்றோல், வெள்ளிக்கிழமை, அந்த அதிகாரி, எல்லாம் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இவ்வளவு காலமும் உனக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"பிறகேன்ரா எனக்குச் சொல்லேல்லை?"

"அத்தான்ர முகம் வாடிப்போகும் எண்டு..."

"அவற்ர முகம் வாடேல்லை. நான் வரிசையில நிண்டு தயிரைத் திருப்பி வைச்சன்."

புலிகளோடு மல்யுத்தம் செய்தேன், முதலையின் பல்லை எண்ணினேன் என்று ஊரெல்லாம் அளக்கும் நான், அடுத்த நாளே அக்காவின் பின்னால் வங்கிக்குப் போனேன், அவர் பேரிலேயே ஒரு கார்ட் கேட்க.

முதல் வங்கி, கடன் வரலாறு இல்லை என்று மறுத்துக் கடிதம் போட்டது. அக்கா அதைக் குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். "இதைக் கழட்டுற நாள் வரும்" என்றார். உறவினர் ஒருவர் வந்து, "இந்த வயசில பொம்பிளைக்கு ஏன் தனிக் கார்ட்?" என்றார். அவருக்குத் தேத்தண்ணி சீனியில்லாமல் வந்தது. பத்தொன்பது வருசச் சம்பளத் துண்டுகளையும் பையில் கட்டிக்கொண்டு இரண்டாவது வங்கிக்குப் போனோம். அங்கே தந்தார்கள், இருப்பதிலேயே சின்னதை.

கையெழுத்து வாங்கிய பெண் கடைசியில் கேட்டாள், "இந்தக் கணக்கில் வேறு யாரையாவது சேர்க்கவா?" நான் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றேன்.

"நோ," என்றார் அக்கா. "ஒன்லி மீ."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, குளிர்ப்பெட்டிக் கடிதத்தைக் கழற்றினார். பழைய கார்ட்டை அவரே கத்தரிக்கோலால் வெட்டினார். "உன்னட்டை இருக்கிறதையும் தா" என்றார். நான் கொடுக்கவில்லை. அதை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன், அத்தான். அது எனக்குப் பேர் தரவில்லைதான். ஆனால் ஒரு வங்கியும் என்னை நம்பாத ஊரில், தன் பேரைத் தூக்கி என் கையில் தந்த மனிசன் நீங்கள். இதைவிட என்ன புகழ வேண்டும்? இதை நீங்கள் இருக்கும்போதே, அந்த உண்மையோடு சேர்த்துச் சொல்லியிருக்கலாம் இல்லையா?

இனி எந்தக் கல்யாண வீட்டிலும் தலையாட்ட மாட்டேன். தட்டோடு நிற்கும் ஒவ்வொரு மனிசனையும் பிடித்து நிறுத்தி, "உம்மட மனிசியின்ர கார்ட் யாரின்ர கணக்கில இருக்கு?" என்று கேட்பேன். பதில் வரும்வரை வடை எடுக்க விடமாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
தவமலரின் தம்பி.
அந்த வழியில்தான் உங்களுக்கு மச்சான்.